பழைய கணினியும் புதிய தாய்ப்பலகையும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் மக்கள் உப்பின் வலிமையை நன்கு அறிந்தவர்கள். நகருக்கு வடக்கே அமைந்த ஓர் ஊருக்கு உப்புவெளி என்றே பெயர். சாளரக் கம்பியைத் துருவேற்றுவதும், மிதிவண்டிச் சங்கிலியை இறுகச் செய்வதும், கூரைத் தகட்டின் ஆணியைத் தின்று தீர்ப்பதும் அங்கு வீசும் கடற்காற்றே. ஆதலின் இரும்புப் பொருள்களைக் கடலோரத்தார் எண்ணெயிட்டும் வர்ணம் பூசியும் காப்பர். ஆனால், வீட்டின் ஒரு மூலையில் மேசைமீது இருக்கும் கணினிப் பெட்டியையும் அதே காற்றுத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதை நினைப்பவர் சிலரே. ஒருநாள் அது இயங்காது நின்ற பின்னரே அதன் உள்ளே என்ன இருக்கிறது என்ற வினா எழுகின்றது.

அவ்வினா இன்று சிறியதன்று. 2020 மார்ச் மாதத்தில் கொரோனா நோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் திரை வழியாக வீடு தேடி வந்தன. கையில் இருந்த சிறு பணத்தைக் கொண்டு மலிவான கணினியையோ, பிறர் பாவித்துக் கழித்த கணினியையோ வாங்கிய குடும்பங்கள் பல. அடுத்து 2022இல் வந்த பொருளாதார நெருக்கடியில், ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று விகிதம் சில மாதங்களுள் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. இறக்குமதிப் பொருளெல்லாம் எட்டாக் கனியாயின. ஆகவே, பழைய கணினி நின்றுவிட்டால் புதியதொன்றை வாங்குவோம் என்று எளிதிற் சொல்லிவிட இயலாத நிலை பல வீடுகளில் இன்றும் உண்டு.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தந்தை துறைமுகத்தில் தொழில் செய்பவர். மகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்பவள். ஒரு மாலைப்பொழுதில் அவள் பொத்தானை அழுத்துகிறாள், விசிறி சுழல்கிறது, திரையோ இருண்டே கிடக்கிறது. மறுநாள் தாய் அப்பெட்டியைத் திருத்தும் கடைக்குக் கொண்டு செல்கிறாள். கடைக்கார இளைஞர் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, "மதர்போட் போய்விட்டது, அக்கா" என்கிறார். "அப்படியென்றால், தம்பி, பிள்ளையின் பாடங்களும் படங்களும் எல்லாம் போய்விட்டனவா?" என்று அத்தாய் கேட்கிறாள்.

இந்தச் சிறு உரையாடலில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. தாயின் வினாவில் ஓர் அச்சம் இருக்கிறது. அது தேவையற்ற அச்சம். இளைஞரின் விடையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அது விசாரணைக்கு முன்னரே வழங்கப்பட்ட தீர்ப்பு. இவ்விரண்டையும் தெளிவுபடுத்திக்கொண்டால் பாதிச் செலவும் முழுக் கலக்கமும் நீங்கிவிடும்.

முதலில் தாயின் அச்சத்தை நோக்குவோம். பாடநூல்கள் தாய்ப்பலகை என்றும், கடைத்தெரு மதர்போட் என்றும் கூறுவது, பெட்டியினுள் பக்கச் சுவரோடு பொருத்தப்பட்டிருக்கும் ஓர் அகன்ற பலகையாகும். கண்ணாடியிழையும் பிசினும் கலந்து செய்த தகட்டில், பல அடுக்குகளாகச் செப்புக் கோடுகள் ஓடுகின்றன. கணக்கிடும் உறுப்பாகிய புரோசசர், தற்காலிக நினைவகமாகிய ராம், நிலையான சேமிப்பிடமாகிய வன்தட்டு, திரை, விசைப்பலகை ஆகிய யாவும் இப்பலகையின் வழியாகவே ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. துறைமுகத்தை அறிந்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். இறங்குதுறையும் அதனோடு சேர்ந்த வீதிகளும் தாய்ப்பலகையை ஒத்தவை; பண்டசாலை வன்தட்டை ஒத்தது. இறங்குதுறை இடிந்தால் போக்குவரத்து நின்றுவிடும். ஆயினும் பண்டசாலையிலுள்ள நெல் மூட்டை ஒன்றும் அழிந்துவிடாது. அதுபோலவே தாய்ப்பலகை பழுதுற்றாலும், வன்தட்டிலுள்ள பாடக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து அவற்றைப் படியெடுத்துக்கொள்ளலாம். எந்தத் திருத்த வேலையும் தொடங்குவதற்கு முன்னர், முதற் காரியமாக இதனைச் செய்யும்படி கேட்பது உரிமையாளரின் கடமை.

அடுத்து, தாய்ப்பலகை ஏன் பழுதுறுகிறது என்று காண்போம். காரணங்கள் மூன்று: வெப்பம், உப்பீரம், மின்சாரத்தின் ஒழுங்கீனம்.

வெப்பத்தின் வேலையை அறிய ஒரு சிறு உறுப்பை அறிதல் வேண்டும். பலகையில், புரோசசரைச் சுற்றிச் சிறிய உருளைகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். இவை மின்னைச் சேர்த்துவைத்துச் சீராக வழங்கும் கொள்ளளவிகள். கடைத்தெருவில் கப்பாசிட்டர் எனப்படும். இவற்றின் தேவை என்னவென்றால், மின்வழங்கிப் பெட்டியிலிருந்து வரும் மின்னழுத்தம் 12 வோல்ற்று. புரோசசருக்கு வேண்டியதோ ஏறக்குறைய 1.3 வோல்ற்று மாத்திரமே. 65 வாற்று வலுவை உட்கொள்ளும் புரோசசர் இவ்வளவு தாழ்ந்த அழுத்தத்தில் இயங்கும்போது, அதனூடாகப் பாயும் மின்னோட்டம் 50 அம்பியர் ஆகின்றது. சாதாரண வீடொன்றின் மின்னிணைப்பே 30 அம்பியர் அளவினது என்பதை எண்ணினால், அச்சிறு உருளைகள் சுமக்கும் பாரம் விளங்கும்.

அவ்வுருளையின் உள்ளே அலுமினியத் தகடுகளும், மின்பகுபொருள் என்னும் திரவத்தில் நனைந்த கடதாசியும் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. வெப்பம் ஏற ஏற அத்திரவம் மெல்ல மெல்ல வற்றுகின்றது. பொறியியலாளர் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்துள்ளனர்: வெப்பநிலை 10 பாகை குறையுந்தோறும் கொள்ளளவியின் ஆயுள் இரட்டிக்கும், 10 பாகை கூடுந்தோறும் பாதியாகும். 105 பாகை செல்சியசில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட உருளையை எடுத்துக்கொள்வோம். பெட்டியினுள் அது 65 பாகையில் இருக்குமாயின், 32,000 மணி நேரம் உழைக்கும். நாளொன்றுக்கு 6 மணி நேரம் கணினியைப் பாவித்தால், இது 14 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம். அதே பெட்டியில் தூசி படிந்து, காற்றுத் துவாரம் அடைத்து, உட்சூடு 75 பாகைக்கு ஏறினால், ஆயுள் 7 ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். ஒரு தூரிகையால் தூசி தட்டாத குறையினால் ஓர் இயந்திரத்தின் ஆயுளிற் பாதி போய்விடுகின்றது.

இவ்வுறுப்பின் பலவீனம் உலகம் முழுவதையும் ஒருகால் ஆட்டிவைத்தது. 1999 முதல் 2007 வரையான காலப்பகுதியிற் செய்யப்பட்ட கொள்ளளவிகள் பலவற்றின் மின்பகுபொருள் தவறான கலவையாக இருந்தது. அதிலிருந்த நீர், அலுமினியத்தோடு தாக்கமுற்று ஐதரசன் வாயுவை உண்டாக்கிற்று. உருளைகளின் தலை வீங்கிற்று. சில வெடித்துப் பழுப்பு நிறக் கசிவைப் பலகைமீது கொட்டின. புகழ்பெற்ற நிறுவனங்களின் கணினிகளும் இதற்குத் தப்பவில்லை. டெல் நிறுவனம் பழுதுற்ற பலகைகளை மாற்றிக் கொடுப்பதற்கென 2005இல் 30 கோடி அமெரிக்க டொலரைச் செலவாகக் காட்டியது. பெருநிறுவனத்தின் பொருளுக்கே இந்நிலையென்றால், மலிவு விலைக்கென்று செய்யப்பட்ட பலகைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்துக் கணினிகள் பல இன்றும் வீடுகளில் எஞ்சியிருப்பதனால், தலை வீங்கிய உருளையைத் தேடிப் பார்ப்பது இன்றும் பயனுள்ள சோதனையே.

இரண்டாவது காரணம் உப்பீரம். மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடியினுள் நீர் கோத்திருப்பதைக் காணாத இல்லத்தரசி இல்லை. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும், உப்பு அந்த ஈரத்தைத் தானே உறிஞ்சிக் கரைகின்றது. கடற்காற்றோடு வந்து பலகையிற் படிந்த நுண்ணிய உப்பும் வாடைக்காலத்து இரவுகளில் இதனையே செய்யும். உப்புநீர் மின்னைக் கடத்தும். தலைமயிரினும் மெல்லிய செப்புக் கோடுகளுக்கிடையே அது வழி திறந்துவிடும். செப்பை அரித்துப் பச்சை நிறக் களிம்பாக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களிலோ உலர்ந்த புழுதி வந்து அதன்மேற் படியும். ஓராண்டில் ஒரு காற்றுப் புழுதியைத் தர, மற்றொரு காற்று ஈரத்தைத் தர, இரண்டும் சேர்ந்து விசிறியடியில் ஒரு சேறாகின்றன. கடலோரக் கணினிக்கும் மலைநாட்டுக் கணினிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மூன்றாவது, மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தமை யாவரும் அறிந்ததே. மின்சாரம் நின்றுபோவதைக் காட்டிலும், அது மீண்டு வருகின்ற கணத்தில் அழுத்தம் ஏறியிறங்குவதே கருவிகளுக்குக் கேடு. பருவமாற்றக் காலத்துப் பிற்பகல் இடிமின்னலும் அத்தகையதே. மின்சாரம் தடைப்பட்டவுடன் கணினியின் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மின்சாரம் வந்து சில நிமிடங்கள் கழித்துச் செருகுவது காசு செலவில்லாத காப்பு. இடி முழங்கும் வேளையில் தொலைபேசிக் கம்பியையும் சேர்த்துக் கழற்றிவிடுதல் வேண்டும்.

இனி, கடைக்கார இளைஞரின் தீர்ப்புக்கு வருவோம். விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால் தாய்ப்பலகைதான் பழுது என்று உடனே சொல்லிவிட முடியாது. வைத்தியர் நாடி பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு உள்ளதுபோல, இதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. விளக்கும் எரியாமல் விசிறியும் சுழலாமல் இருந்தால், முதலிற் பார்க்க வேண்டியவை சுவர்ச் செருகியும் மின்கம்பியும் மின்வழங்கிப் பெட்டியும். நன்றாக இயங்குவதென்று தெரிந்த வேறொரு மின்வழங்கியைப் பொருத்திப் பார்த்தால் உண்மை வெளிப்படும். விசிறி சுழன்று திரை மட்டும் இருண்டிருந்தால், திரைக்குச் செல்லும் வடத்தைப் பார்த்தபின், ராம் என்னும் நினைவகத் துண்டைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்திப் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் இத்தொடுமுனைகள் மங்கிப்போவதனாலேயே பல கணினிகள் செத்ததுபோலக் கிடக்கின்றன. நாளும் நேரமும் ஒவ்வொரு முறையும் பிழையாகக் காட்டினால், பலகையிலுள்ள நாணய வடிவான 3 வோல்ற்று மின்கலமே தீர்ந்திருக்கும். அதன் இலக்கம் சி.ஆர். 2032. சிறு தொகையில் அதனை மாற்றிவிடலாம். இவை யாவற்றையும் பார்த்து, புரோசசரையும் ஒரேயொரு நல்ல நினைவகத் துண்டையும் மட்டும் வைத்துச் சோதித்த பின்னரும் உயிர் வராவிட்டால், அப்போதுதான் ஐயம் தாய்ப்பலகைமீது நிலைகொள்ளும். புரோசசர் தானாகப் பழுதுறுவது அரிது.

பலகையே குற்றவாளி என்று தெளிந்தாலும், மாற்றுவது ஒன்றே வழியன்று. இரண்டு மூன்று உருளைகள் மட்டும் வீங்கி, மற்றவை நலமாக இருந்தால், அவற்றை நீக்கிப் புதியவற்றைப் பற்றாசு வைத்துப் பொருத்தலாம். புதிய கொள்ளளவி பழையதன் அதே கொள்ளளவும், அதற்குக் குறையாத வோல்ற்றளவும், 105 பாகை தாங்கும் இயல்பும், குறைந்த அகத் தடையும் உடையதாக இருத்தல் வேண்டும். நேர்முனை எதிர்முனை மாறிவிட்டால் அது வெடிக்கும். பல அடுக்குச் செப்புத் தகடு வெப்பத்தை விரைவில் உறிஞ்சிக்கொள்வதனால், வானொலிப் பெட்டி திருத்துவதைவிட இதற்குக் கைத்தேர்ச்சி மிகுதியாக வேண்டும். உப்புநீர் செப்புக் கோடுகளை அரித்துவிட்ட பலகைக்கு இவ்வைத்தியம் பயன்படாது. அதற்கு மாற்றமே மருந்து.

மாற்றுவதற்கு ஏற்ற பலகையைத் தெரிவதில்தான் பணம் வீணாகும் இடம் இருக்கிறது. இதிலே நமக்குத் துணைநிற்பது பொது அளவுத்திட்டம். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்ட பின், பல நிறுவனங்கள் அதனை ஒத்த கணினிகளைச் செய்யலாயின. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுத்திட்டத்தை வகுத்தது. அதன்படி முழுப் பலகை 305க்கு 244 மில்லிமீற்றர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். எனப்படும் சிறிய பலகை 244க்கு 244 மில்லிமீற்றர். திருகாணித் துளைகளின் இடமும் வரையறுக்கப்பட்டுள்ளது. ஆதலால் ஒரு நாட்டிற் செய்த பெட்டியில் வேறொரு நாட்டிற் செய்த பலகை பொருந்துகின்றது. ஆனால், பெயர்பெற்ற நிறுவனங்கள் சில தமக்கென்றே தனி வடிவமும் தனி இணைப்பியும் வைத்துள்ளன. அத்தகைய பெட்டிக்கு அதே வகைப் பலகையையே தேட நேரும்.

பெட்டி பொருந்தினால் மட்டும் போதாது. புரோசசர் அமரும் இருக்கை பொருந்த வேண்டும். இன்டெல் நிறுவனத்தின் இருக்கைகள் 2004இல் 775 தொடுமுனைகளோடும், 2009இல் 1156 தொடுமுனைகளோடும், 2011இல் 1155 தொடுமுனைகளோடும் வந்தன. 1156க்கும் 1155க்கும் வேறுபாடு ஒன்றுதான். ஆயினும் ஒன்றிற்குரியது மற்றொன்றில் அமராது. நினைவகமும் அவ்வாறே. டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 ஆகிய இரண்டிற்கும் தொடுமுனைகள் 240தான். எனினும் நடுவிலுள்ள வெட்டு வேறிடத்தில் இருப்பதனால் ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. பழைய வன்தட்டு அகன்ற நாடா வடத்தால் இணைக்கப்படும் வகையாயின், பிற்காலப் பலகைகளில் அதற்கு வாயிலே இராது. ஆகவே, கடைக்குச் செல்பவர் தம் புரோசசரின் பெயர், நினைவகத்தின் வகை, வன்தட்டின் இணைப்பு வகை, பெட்டியின் அளவு ஆகிய நான்கையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு செல்வது நன்று.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். பழைய இருக்கைகளுக்குரிய பலகைகளைப் பெரிய நிறுவனங்கள் செய்வதை நிறுத்தி நெடுங்காலமாயிற்று. கிடைப்பவை பெரும்பாலும் வேறொரு கணினியிலிருந்து கழற்றியவை. அவற்றின் உருளைகளுக்கும் வயது ஏறியிருக்கும். ஆதலின் அத்தகைய பலகையை வாங்குபவர், கடையிலேயே அதனை ஒரு மணி நேரமாவது இயக்கிக் காட்டும்படி கேட்கலாம். பற்றுச்சீட்டும், சில மாதப் பொறுப்பும் எழுத்திற் பெறலாம். புதிய வகைப் பலகையை வாங்கினாலோ, புரோசசரும் நினைவகமும் புதிதாக வேண்டும். அப்போது அது பழுதுபார்த்தல் அன்று. பழைய பெட்டிக்குள் புதிய கணினியைக் குடியேற்றுதலாகும். அலுவலகங்களிற் பாவித்துச் சீர்செய்த முழுக் கணினியொன்றின் விலையை அத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். திருத்தச் செலவு அவ்விலையிற் பாதியைத் தாண்டுமாயின், திருத்தாமல் நிறுத்திக்கொள்வதே விவேகம். சிக்கனம் என்பது எப்போதும் பழையதைப் பற்றிக்கொண்டிருத்தல் அன்று. எண்ணிப் பார்த்துச் செலவிடுதலே சிக்கனம்.

பொருத்தும் வேலையின் ஒழுங்கையும் சுருக்கமாகக் கூறலாம். முதலிற் செருகியைக் கழற்றிவிட்டு, பொத்தானைச் சில நொடி அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்ற வேண்டும். மின்வழங்கிப் பெட்டியின் மூடியை மட்டும் எக்காரணங் கொண்டும் திறத்தலாகாது. அதனுள்ளே உயிருக்கு ஊறு செய்யும் மின் தங்கியிருக்கும். கம்பிகளைக் கழற்றுமுன் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்துக்கொண்டால், எது எங்கே இருந்தது என்ற மயக்கம் வராது. உடலிலுள்ள நிலைமின் பலகையைத் தாக்காதிருக்க, பெட்டியின் உலோகச் சட்டத்தை அடிக்கடி தொட்டுக்கொள்ள வேண்டும். பலகையைத் தாங்கும் சிறு பித்தளைத் தாங்கிகள், புதிய பலகையின் துளைகளுக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும். துளையில்லாத இடத்தில் ஒரு தாங்கி எஞ்சியிருந்தால், அது பலகையின் முதுகைத் தொட்டுக் குறுஞ்சுற்று உண்டாக்கி, புதிய பலகையையும் கொன்றுவிடும். புரோசசரை அழுத்தாமல் அதன் இடத்தில் வைத்தலும், அதன்மேல் ஒரு பயறளவு வெப்பப் பசையிட்டு விசிறியைப் பூட்டுதலும், பெரிய 24 முனை இணைப்பியோடு புரோசசருக்குரிய 4 முனை இணைப்பியையும் மறவாது செருகுதலும் முக்கியமானவை. அந்த 4 முனை இணைப்பியை மறந்துவிட்டு, புதிய பலகையும் பழுதென்று மயங்குவோர் பலர்.

கணினி உயிர் பெற்றதும், நாளையும் நேரத்தையும் திருத்த வேண்டும். கணினியோடு சேர்த்து விற்கப்பட்ட விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் பழைய பலகையோடு பிணைந்தது. பலகை மாறியதும் உரிமத்தை மீண்டும் கேட்கலாம். மேலும், விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11ஐப் பழைய கணினிகள் பல ஏற்கமாட்டா. அவற்றுக்கு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் நல்ல துணை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிவைத்த அம்முயற்சி, இன்று தமிழிலும் எழுத்தாவணம் செய்ய உதவுகிறது. பாடக் குறிப்பு எழுதவும், கணக்கிடவும், இணையத்திற் படிக்கவும் அது போதும்.

மாற்றிய பின் எஞ்சும் பழைய பலகையை என் செய்வது? அதிலே செம்பும் சிறிதளவு பொன்னும் உண்டு; பழைய பற்றாசில் ஈயமும் உண்டு. கடற்கரையில் எறிந்தால் ஈயம் மண்ணிற் சேரும். எரித்தால் நச்சுப்புகை எழும். ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் கணிப்பின்படி, 2022இல் மட்டும் உலகிற் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடி 20 இலட்சம் தொன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதமே. இலங்கையில் இத்தகைய கழிவைக் கையாள்வோர் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெறுதல் வேண்டும். அவ்வாறு அனுமதி பெற்றோரிடம் பலகையைச் சேர்ப்பித்தல் கடலுக்கும் மீனுக்கும் செய்யும் நன்மை. அன்றேல், அயலிலுள்ள பாடசாலைக்குக் கொடுத்தால், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர் நூலிற் படத்தில் மட்டும் கண்ட தாய்ப்பலகையைக் கையில் எடுத்துப் பார்ப்பர்.

வருமுன் காத்தல் இவை யாவற்றினும் எளிது. நவராத்திரியின் நிறைவில் கணினிக்கும் சந்தனமும் குங்குமமும் இடும் வீடுகள் உண்டு. அந்நாளிலேயே பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் விசிறியையும் துவாரங்களையும் துடைக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். நோன்புப் பெருநாளுக்கும் நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் வீடு துப்புரவாக்குவோர், அப்பட்டியலில் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம். கடலை நோக்கிய சாளரத்தின் அருகே கணினியை வையாதிருத்தலும், நாள்தோறும் சிறிது நேரமாவது இயக்கி உட்சூட்டால் ஈரத்தை ஓட்டுதலும் நன்று. பல மாதம் துணி மூடிக் கிடக்கும் கணினியே உப்பீரத்திற்கு எளிதில் இரையாகும்.

திருகோணமலையின் பெயரைத் தாங்கிய ஒரு மரக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் நீரில் மிதக்கின்றது. 1817இல் பம்பாயில், வாடியா குடும்பத்தினர் தேக்கு மரத்தாற் கட்டிய போர்க்கப்பல் அது. போர்த்தொழில் முடிந்தபின் வேறு பெயர் பூண்டு, 1986 வரை பல பத்தாண்டுகள் இளைஞருக்குக் கடற்கல்வி தரும் பயிற்சிக் கப்பலாகவும் உழைத்தது. பின்னர் உளுத்த மரத்தை நீக்கி நல்ல மரமிட்டு, பாய்மரங்களை மீண்டும் நிறுத்தி, 2001இல் அதன் சீரமைப்பை நிறைவு செய்தனர். உளுத்த பலகைக்காக அவர்கள் கப்பலைக் கைவிடவில்லை. உளுத்த பலகையைக் கப்பலில் விட்டுவைக்கவுமில்லை. எதனை நீக்குவது, எதனைக் காப்பது என்று பகுத்தறிந்தமையே அவர்கள் செய்த வேலை.

பழுதுற்ற பொருளொன்று கைக்கு வரும்போது, "இது போய்விட்டது" என்ற ஒரு சொல்லோடு அமைந்துவிடாமல், "எது போயிற்று? எது எஞ்சியிருக்கிறது? மாற்ற என்ன செலவாகும்?" என்ற மூன்று வினாக்களைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குதல் வேண்டும். திருத்துபவரிடம் கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் பழக்குதல் வேண்டும். கற்றதைக் கையாற் செய்து பார்க்கும் பிள்ளை, பொருளின் விலையையும் அறியும். அதனைச் செய்தவரின் உழைப்பையும் மதிக்கும்.